கடல் மீனா, ஏரி மீனா? 30 கிலோமீட்டரில் மாறும் ருசி

மாமல்லபுரம் பக்கம் பிறந்து வளர்ந்த பெண், செங்கல்பட்டுப் பக்கம் வாக்கப்பட்டுப் போனால் முதல் சோதனை சாப்பாட்டில்தான். மாமியார் ஆசையாக விரால் குழம்பு வைத்துப் பரிமாறுவார். மருமகளுக்கோ முதல் வாயிலேயே சேற்று வாடை தெரியும். மாப்பிள்ளை விருந்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். சங்கரா வறுவலைப் பார்த்து, ‘கவுச்சி அடிக்குதே’ என்று மாப்பிள்ளை மூக்கைச் சுளிப்பார்.

இரண்டு ஊருக்கும் நடுவே, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் சுமார் 30 கிலோமீட்டர்தான். அதற்குள் நாக்கு இப்படி மாறுவது ஏன்?

உயிரோடு வந்த விரால்

ஐஸ் பெட்டி இல்லாத காலத்தை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் கரையேறிய கடல் மீன், கூடையில் தலைச்சுமையாக எவ்வளவு தூரம் போக முடியும்? வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும். அதைத் தாண்டிய ஊர்களுக்குக் கடல் மீன் கருவாடாகத்தான் போய்ச் சேர்ந்தது.

செங்கல்பட்டோ ஏரிகளின் சீமை. கொளவாய் ஏரி, மதுராந்தகம் ஏரி என்று பெரியவை தவிர, ஊருக்கு ஊர் ஒன்றாவது இருக்கும். ஏரியில் கிடைக்கும் விரால், தண்ணீருக்கு வெளியேயும் காற்றைச் சுவாசித்து வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். அதனால் சந்தைக்கே உயிரோடு வரும். வீட்டுக்கு வாங்கி வந்து அண்டாத் தண்ணீரில் விட்டு, வேண்டியபோது சமைக்கலாம். உள்ளூர்க்காரர்களுக்கு ‘ஃப்ரெஷ்’ மீன் என்றால் ஏரி மீன் என்று ஆனது இப்படித்தான்.

இரண்டு மூக்கும் பொய் சொல்லவில்லை

மருமகள் சொல்லும் சேற்று வாடை கற்பனை அல்ல. ஏரி நீரில் வளரும் சில நுண்ணுயிர்கள் ‘ஜியோஸ்மின்’ என்ற பொருளை உண்டாக்குகின்றன. மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்கும் இதுதான் காரணம். அது மீனின் சதையில் சேர்ந்துவிடுகிறது. விராலைச் சில நாள் சுத்தமான தண்ணீரில் விட்டு வைத்தால் அந்த வாடை குறையும்.

மாப்பிள்ளை சொல்லும் கவுச்சியும் உண்மையே. கடல் மீனின் உடலில், உப்பு நீரில் வாழ்வதற்குத் துணைசெய்யும் ஒரு வேதிப்பொருள் உண்டு. மீன் இறந்த பிறகு பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் அந்த வாடை கிளம்புகிறது. கரையிலேயே வாங்கிச் சமைப்பவருக்கு அது தெரியாது. நேரம் கடந்து வாங்குபவருக்கு நன்றாகவே தெரியும்.

இந்த இரண்டு வாடைக்கும் மருந்து ஒன்றே: புளிப்பு. ஜியோஸ்மினின் வீரியத்தைப் புளிப்பு குறைக்கும், கவுச்சியையும் அமுக்கும். கடலோரக் குழம்பிலும் ஏரிக்கரைக் குழம்பிலும் புளி தவறாமல் இருப்பது காரணத்தோடுதான். விராலைக் கல் உப்பு போட்டு உரசி, வழவழப்பு போகக் கழுவ வேண்டும். கடல் மீனில் மஞ்சள்தூள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தடவிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். பிறகு இரண்டு வீட்டிலும் சண்டை பாதியாகக் குறையும்.

பிடித்தவர் தட்டில் இல்லாத வஞ்சிரம்

இன்று ஐஸ் பெட்டியும் வேனும் வந்துவிட்டன. செங்கல்பட்டிலும் வஞ்சிரம் கிடைக்கிறது. ஆனால், அதைப் பிடிக்கும் வீடுகளில் அது அபூர்வம். கரையில் ஏலம் விட்டதும் வஞ்சிரம், வவ்வால், பெரிய இறால் எல்லாம் ஹோட்டல்களுக்கும் சென்னைக்கும் போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும்போது விலை இன்னும் ஏறும். வீட்டுக்கு வருவது கவலை, நெத்திலி, காரப்பொடி.

இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. மத்தி இனத்தைச் சேர்ந்த கவலையில் ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் கிடைக்கும். வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. ‘முள் இருக்கு, வேணாம்’ என்று இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் சின்ன மீனை ஒதுக்குகிறார்கள். பெரிய துண்டு மீன் மட்டும்தான் மீன் என்று பழகிவிட்டால், அம்மாவின் பர்ஸும் தாங்காது, கடலும் தாங்காது.

ஏரி மீனுக்கோ ஏரியே சிக்கல். ஆக்கிரமிப்பில் சுருங்கியும் கழிவுநீர் கலந்தும் போன ஏரிகளில் விரால் குறைந்து, எதையும் தாங்கும் ஜிலேபிக் கெண்டை பெருகுகிறது. 1952-இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. ஏரி கெட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது குழம்பின் ருசிதான்.

ஆடியில் ஒரே பந்தி

ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது மட்டும் இந்தப் பிரிவினை இல்லை. கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம். வீட்டுக்கு வந்தால் கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு. கடலோரத்தில் காய்ந்த கருவாடும் மேட்டு நிலத்தில் விளைந்த கேழ்வரகும் ஒரே தட்டில். அன்றைக்கு மாப்பிள்ளையும் மூக்கைச் சுளிப்பதில்லை. மருமகளும் ‘இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க அத்தை’ என்பாள்.