பயத்துக்கும் வாசனை உண்டு... ஆட்டிசம் உள்ளவர்களின் உடல் அதை எப்படிப் படிக்கிறது?

பயந்தவரின் வியர்வை வாடை, பக்கத்தில் இருப்பவரின் உடலையும் உஷார்படுத்தும். அவருக்கே அது தெரியாது! ஆட்டிசம் உள்ளவர்களிடம் இது எப்படி நடக்கிறது என்று இஸ்ரேலின் வைஸ்மான் ஆய்வு நிறுவனத்தில் நோம் சோபெல் குழுவினர் சோதித்தார்கள். முடிவு 2017-ல் 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் வெளியானது.

பாராசூட்டில் குதிக்கப் பழகியவர்களின் வியர்வை ஒன்று. அவர்களே வெறுமனே உடற்பயிற்சி செய்தபோது எடுத்த வியர்வை இன்னொன்று. முகர்ந்த இரு தரப்பினருக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. உடலுக்குப் பிடிபட்டது. பய வியர்வையை முகர்ந்ததும் மற்றவர்களின் உடலில் பதற்றம் கூடியது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கோ குறைந்தது. சாதாரண வியர்வைதான் அவர்களைப் பதறவைத்தது!

அடுத்து, பேசும் பொம்மைகள். பய வாடை வீசிய பொம்மையின் பேச்சை மற்றவர்கள் அவ்வளவாக நம்பவில்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் அதைத்தான் அதிகம் நம்பினார்கள். ஆபத்தான ஆளிடம்கூட இப்படி நம்பிக்கை வந்துவிடுமோ என்ற கவலை இங்கே நியாயமானதுதான்.

ஆக, மூக்கில் கோளாறு இல்லை. வாசனை சொல்லும் சேதி வேறு மாதிரி போய்ச் சேர்கிறது. ஒன்று, சோதனையில் பங்கேற்றவர்கள் வயதுவந்த ஆண்கள் மட்டுமே. 'வியர்வையை வைத்தே குழந்தைக்கு ஆட்டிசம் கண்டுபிடிக்கலாம்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால், நம்பாதீர்கள்.