வயசானது துப்பாக்கிக்கா, கண்ணுக்கா? லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளில் 'சைட்' மாற்றுவது ஏன், எப்படி?

கௌபாய் படங்களில் ஹீரோ குதிரை மேல் இருந்தபடியே, விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தைச் 'சடக்'கென்று தள்ளி இழுத்துச் சுடுவாரே, அதுதான் லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கி. அமெரிக்காவில் இது சினிமாவோடு முடிந்துபோன பொருள் இல்லை. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 94 மாடல் மட்டுமே 70 லட்சத்துக்கு மேல் தயாரானது. தாத்தாவின் கார்பைனை, அதாவது குட்டைக் குழல் ரைஃபிளை எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அங்கே இன்றும் உண்டு.

ஆனால் 40 வயதைத் தாண்டினால் பலருக்கும் ஒரு தொல்லை. துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு, குறிதான் தெரியவில்லை!

என்ன பிரச்னை?

லென்ஸ், பேட்டரி எதுவும் இல்லாத உலோகக் குறிதான் 'அயர்ன் சைட்'. பின்னால் ஒரு பள்ளம், குழல் முனையில் ஒரு சின்ன மணி. பள்ளத்துக்குள் மணியை நிறுத்தி, அதை இலக்கின் மேல் வைத்துச் சுட வேண்டும். பள்ளம், மணி, மான் மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண்ணால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். இளம் வயதில் கண் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துவிடும். வெள்ளெழுத்து வந்துவிட்டால், பின்னால் இருக்கும் பள்ளம் மங்கிப் போகும்.

இது வெறும் வசதிக் குறைவு இல்லை. குறி ஒரு சாண் தவறினால் நெஞ்சில் படவேண்டிய குண்டு வயிற்றிலோ காலிலோ படும். காயத்தோடு ஓடும் விலங்கு காட்டுக்குள் மெல்ல மெல்லச் சாகும்.

ஸ்கோப் மாட்டினால் போதாதா?

எல்லாத் துப்பாக்கிக்கும் அது சரிப்படாது. 1980களின் தொடக்கம் வரை வந்த வின்செஸ்டர் 94, சுட்டதும் காலித் தோட்டாவை நேராக மேலே தூக்கி எறியும். மேலே ஸ்கோப் இருந்தால் இடிக்கும். மார்லின் 336 பக்கவாட்டில் எறிவதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் ஒரே கையில் தூக்கிப்போகும் இலேசான துப்பாக்கியில் ஸ்கோப்பை ஏற்றப் பலருக்கும் மனசு வராது.

அப்போ எதை வாங்குவது?

1. பீப் சைட்: பள்ளத்துக்குப் பதிலாக ஒரு துளை. இது கண்ணுக்கு அருகில், ரிசீவர் மேல் உட்காரும். சின்னத் துளை வழியே பார்த்தால் தூரமும் பக்கமும் ஓரளவு சேர்ந்தே தெளிவாகும். துளையின் நடுவைத் தேட வேண்டாம், கண் தானாகவே நடுவுக்குப் போகும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்ற ஏர் ரைஃபிள் வீரர்களும் துளை வழியாகத்தான் குறி பார்க்கிறார்கள்.

2. கோஸ்ட் ரிங்: இதுவும் துளைதான், ஆனால் பெரியது. துல்லியம் கொஞ்சம் குறையும், வெளிச்சம் கூடும். மான் நடமாட்டம் அதிகாலையிலும் அந்தியிலும்தான் அதிகம். அந்த மங்கலில் சின்னத் துளை வழியே எதுவும் தெரியாது. அதனால் வேட்டைக்கு இதையே பலரும் எடுக்கிறார்கள்.

3. முன் சைட்: வெள்ளை மணி மங்கலிலும் பளிச்சென்று தெரியும், ஆனால் பனி மூடிய காட்டில் காணாமல் போகும். பித்தளை மணி அங்கே உதவும். ஃபைபர் ஆப்டிக் மணி நன்றாக ஒளிரும், ஆனால் எளிதில் உடையும்.

எங்கே ஏமாறுகிறார்கள்?

உயரத்தில்! பீப் சைட் பெரும்பாலும் பழைய பள்ளத்தைவிட உயரமாக இருக்கும். பின் சைட் உயர்ந்தால் குண்டும் மேலே போகும். முன் சைட் உயர்ந்தால் குண்டு கீழே இறங்கும். அதனால் பின்னால் மாற்றினால், முன்னாலும் உயரமானதைப் போட வேண்டிவரும்.

கணக்கு எளிது. இரண்டு சைட்டுக்கும் உள்ள இடைவெளியைக் குண்டு தவறிய அளவால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். இடைவெளி 600 மில்லிமீட்டர், தூரம் 90 மீட்டர், குண்டு 150 மில்லிமீட்டர் மேலே போகிறது என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் 1 மில்லிமீட்டர் உயர்ந்தால் போதும். அதனால் முதலில் பின் சைட்டை மாட்டிச் சுட்டுப் பார்த்து, அளந்த பிறகே முன் சைட் வாங்குவது நல்லது.

பழைய துப்பாக்கியில் துளை போடலாமா?

அவசரப்படக் கூடாது. பிந்தைய மாடல்களில் திருகுத் துளைகள் ஆலையிலேயே போடப்பட்டிருக்கும். 1964க்கு முந்தைய வின்செஸ்டரில் புதிதாகத் துளை போட்டால், சேகரிப்பாளர்களிடம் அதன் விலை சரிந்துவிடும். ஏற்கெனவே இருக்கும் காடியிலோ துளையிலோ பொருந்தும் சைட்டைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். கழற்றிய பழைய சைட்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. .30-30 ரகத்தில் 150 கிரெயின் குண்டும் 170 கிரெயின் குண்டும் ஒரே இடத்தில் படும் என்று சொல்ல முடியாது. எந்தத் தோட்டாவோடு காட்டுக்குப் போகிறார்களோ, அதே தோட்டாவை வைத்துத்தான் சைட்டைச் சரிசெய்ய வேண்டும்.