பிரஷர் மாத்திரையும் நீர்க்கடுப்பும்

காலையில் கடை திறந்தால் மதியம் அடைக்கும் வரை கல்லாவை விட்டு எழாதவர்கள் நம்மில் ஏராளம். டாக்டர் 'நீர் போகும் மாத்திரை' எழுதிக் கொடுத்தால் அதைத் தள்ளிப் போடுகிறோம், தண்ணீரைக் குறைக்கிறோம், வந்த நீரையும் அடக்குகிறோம். கூட்டம் நிற்கும்போது கல்லாவை யாரிடம் விடுவது? நியாயமான கேள்விதான். ஆனால் தேங்கிய நீரில் கிருமி பெருகும். ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருத்திருந்தால் சிறுநீர் முழுதும் வெளியேறாமல், தொல்லை இன்னும் கூடும்.

பிரஷர் மாத்திரையால்தான் நீர்க்கடுப்பு வருகிறது என்று சிலர் அதையே நிறுத்திவிடுகிறார்கள். இது பெரிய தவறு. வழக்கமான பிரஷர் மாத்திரைகள் கிருமியைக் கொண்டு வருவதில்லை. பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது: நீர்க்கடுப்புக்கு நாமே வாங்கிச் சாப்பிடும் மருந்தில்.

எரிச்சல் கண்டதும் மருந்துக் கடையில் போய், "போன தடவை கொடுத்ததையே கொடுங்கள்" என்கிறோம். மருந்துக் கடைக்காரரும் நம் சகோதர வணிகர்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்கக்கூடாது என்பது அவருக்கே தெரியும். அப்படி வாங்கும் மருந்துகளில் ஒன்று கோ-டிரைமாக்சசோல். செப்டிரான் என்றால் பலருக்குப் புரியும். நல்ல மருந்து, பழைய மருந்து. ஆனால் அது சிறுநீரகத்தின் வழியே பொட்டாசியம் என்ற உப்பு வெளியேறுவதைத் தடுக்கிறது. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் ஆகிய பிரஷர் மாத்திரைகளும் அதே உப்பை உடலில் கூட்டக் கூடியவை. இரண்டும் சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறி, இருதயத் துடிப்பே தடுமாறலாம்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இவ்வகைப் பிரஷர் மாத்திரை சாப்பிடும் முதியவர்களை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். அமாக்சிசிலின் சாப்பிட்டவர்களைவிட, கோ-டிரைமாக்சசோல் சாப்பிட்டவர்கள் பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேரும் அபாயம் ஏறக்குறைய 7 மடங்கு. அதே மாகாணத்தில் 2014-ல் வந்த மற்றோர் ஆய்வு, இந்தச் சேர்க்கையோடு திடீர் மரணமும் கூடுவதைக் காட்டியது. மூட்டு வலிக்கென்று டைக்ளோஃபினாக் வகை மாத்திரையும் விழுங்குகிறவர்களுக்குச் சிறுநீரகத்தின் மேல் சுமை இன்னும் அதிகம்.

சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தே இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. பிரஷரையும் சற்றுக் குறைக்கும். டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-ல் முடிந்த பின் விலை இறங்கி, நம்மவர் பலருடைய சீட்டிலும் ஏறிவிட்டது. இவ்வகை மருந்து சாப்பிட்ட 19 பேருக்குச் சிறுநீர்த் தொற்று முற்றி இரத்தத்தையோ சிறுநீரகத்தையோ தாக்கியதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015-ல் எச்சரித்தது. பெரிய ஆய்வுகளில் சிறுநீர்த் தொற்று அவ்வளவாகக் கூடவில்லை. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று கூடுவது மட்டும் உறுதி. அரிப்பு இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எரிச்சலோடு குளிர்க் காய்ச்சல், விலாவின் பின்பக்க வலி, வாந்தி ஆகியவை சேர்ந்தால் கைவைத்தியத்துக்கு நேரமில்லை. பொது மருத்துவமனையோ ஜிப்மரோ, எது பக்கமோ அங்கே அன்றே போக வேண்டும். போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். காய்ச்சலும் வாந்தியுமாக இருக்கும் நாட்களில் எந்த மாத்திரையைத் தொடரலாம், எதை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.