முதலில் ஒரு வேலை கொடுங்கள், இலக்கணம் பின்னால் வரும்

ஆங்கிலப் பாடவேளை பெரும்பாலும் எப்படி நடக்கிறது? ஆசிரியர் பாடத்தை வாசித்துத் தமிழில் பொருள் சொல்கிறார். கேள்வி பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் பத்து வருடம் படித்தும், யாராவது ஆங்கிலத்தில் வழி கேட்டால் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். குறை பிள்ளைகளிடம் இல்லை. அந்த மொழியை வைத்துக்கொண்டு எதையாவது யோசிக்கும் வாய்ப்பை நாம் அவர்களுக்குத் தரவில்லை.

இதற்கு விடை தேடிய முக்கியமான முயற்சி தென்னிந்தியாவில்தான் நடந்தது. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்ற அறிஞரின் தலைமையில் நடந்த அதை உலகம் 'பெங்களூர் திட்டம்' என்று அழைக்கிறது. இலக்கணப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, வரைபடம், ரயில் கால அட்டவணை போன்றவற்றை வைத்துப் புதிர்களைக் கொடுத்தார்கள். விடை காணும் முனைப்பில் மொழி தானாகப் படியும் என்பது பிரபுவின் துணிபு. முதலில் ஆசிரியர் முழு வகுப்போடும் பேசி ஒரு புதிரைச் செய்து காட்டுவார். அதே மாதிரியான இன்னொன்றைப் பிள்ளைகள் தனியாகச் செய்வார்கள். வகுப்பில் பாதிப் பேராவது பாதி வேலையைச் சரியாக முடித்தால் பாடம் வெற்றி.

நாளைக்கே செய்யலாம்

ஊர்ப் பேருந்து நிலையத்தின் நேர அட்டவணையை ஆங்கிலத்தில் எழுதிப் போடுங்கள். 'மீனா பதினொரு மணிக்குள் புதுச்சேரியில் இருக்க வேண்டும். விழுப்புரத்தில் அரை மணி நேர வேலையும் இருக்கிறது. எந்தப் பேருந்தில் ஏறுவாள்? ஏன்?' என்று ஆங்கிலத்திலேயே கேளுங்கள். அந்த 'ஏன்'தான் பிள்ளையைப் பேச வைக்கும்.

எழுத்துக்கு டிக்டோகிளாஸ் என்ற பயிற்சி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ரூத் வாஜ்ன்ரிப் 1990-இல் இதைப் புத்தகமாக எழுதினார். ஐந்தாறு வரிப் பத்தியை இயல்பான வேகத்தில் இரண்டு முறை வாசியுங்கள். பிள்ளைகள் காதில் விழுந்த முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, பிறகு குழுவாகச் சேர்ந்து பத்தியைத் திரும்பக் கட்டட்டும். இறந்தகாலமா நிகழ்காலமா என்று அவர்களே வாதாடும்போது இலக்கணம் அவர்களுடைய தேவையாகிவிடுகிறது.

பேச்சு சரளமாக வருவதற்கு நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன் பரவலாக்கிய '4-3-2' உதவும். ஒரே விஷயத்தை மூன்று வெவ்வேறு நண்பர்களிடம் முதலில் நான்கு நிமிடம், அடுத்து மூன்று, கடைசியில் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். மூன்றாம் முறை தயக்கம் குறைந்திருக்கும்.

இன்னொன்றுக்குச் செலவே இல்லை. கேள்வி கேட்டுவிட்டு மூன்று விநாடி காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்பதை அமெரிக்காவின் மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளில் கண்டார். காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அந்நிய மொழியில் சொல் தேடும் பிள்ளைக்கு அந்த அவகாசம் இன்னும் அவசியம்.

ஆசிரியரும் வளர வேண்டும்

எல்லா வகுப்புக்கும் பொருந்தும் ஒரே சிறந்த முறை கிடையாது என்று பிரபு 1990-இல் எழுதினார். எது பலிக்கும் என்ற ஆசிரியரின் சொந்த உணர்வு உயிரோடு இருக்கிறதா என்பதே அவருக்கு முக்கியம். பயிற்சி முகாமில் தரும் கையேட்டால் மட்டும் அந்த உணர்வு வளராது. ஒரு பாடத்தைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, நாம் எவ்வளவு பேசினோம், பிள்ளைகள் எவ்வளவு பேசினார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியரை உள்ளே அழைத்துப் பின்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். 1969-இல் தொடங்கி, சென்னையிலிருந்து இயங்கும் இந்திய ஆங்கில ஆசிரியர் சங்கமான எல்டாய் போன்ற அமைப்புகளில் சேர்ந்து அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளலாம்.

குறுவள மையக் கூட்டங்களிலும் இதற்கு இடம் வேண்டும். கூட்டத்துக்கு ஒரு ஆசிரியர், தன் வகுப்பில் செய்து பார்த்த ஒன்றை, அது பலிக்காமல் போயிருந்தாலும், சக ஆசிரியர்கள் முன் வைக்கட்டும். பிள்ளைகளை யோசிக்க வைக்கச் சொல்லும் கல்வித்துறை, ஆசிரியர்கள் யோசிப்பதற்கும் நேரம் ஒதுக்கித் தர வேண்டும்.