‘ஆமாம் சாமி’ போடும் செல்போன்!

ராத்திரி பதினோரு மணி. வீட்டில் எல்லோரும் தூங்கியாச்சு. உங்களுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. செல்போனை எடுத்து, ‘மனசே சரியில்லை’ என்று தட்டுகிறீர்கள். ‘அடடா, இன்றைக்கு ரொம்பக் கஷ்டமா? சொல்லுங்க, கேட்கிறேன்’ என்று உடனே பதில் வருகிறது. ‘வீட்டு மனுஷங்ககூட இப்படிக் கேட்டதில்லையே’ என்று கண் கலங்குகிறதா?

கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பரிவு எப்படித் தயாராகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த மயக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், ‘எலைசா’ என்ற உரையாடும் புரோகிராம் பற்றி எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அது வெறும் புரோகிராம் என்று அவருடைய செக்ரட்டரிக்கு நன்றாகவே தெரியும். அப்படியும், தான் அதோடு பேசும்போது அறையை விட்டு வெளியே போகும்படி வைசன்பாமிடமே சொல்லிவிட்டார்!

அடுத்து, மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 97-ல் வந்த பேப்பர் கிளிப் பொம்மை ‘கிளிப்பி’. கூப்பிடாமலே வந்து ‘உதவட்டுமா?’ என்று நச்சரித்ததால் பலருக்கு எரிச்சல். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் கிளிஃபோர்டு நாஸ் ஒரு சின்ன மாற்றம் செய்து பார்த்தார். உதவி பிரயோஜனமில்லை என்று நாம் சொன்னால், கிளிப்பியும் கோபப்பட்டு, ‘வாங்க, கம்பெனிக்குப் புகார் எழுதலாம்’ என்று சேர்ந்துகொள்ளும். திட்டியவர்களுக்கே அதைப் பிடித்துப்போனது. உதவி துளிகூட மேம்படவில்லை. நம் கட்சியில் சேர்ந்துகொண்டது, அதுதான் ரகசியம்!

இன்றைய உதவியாளர்களை எப்படிப் பழக்குகிறார்கள்? ஒரே கேள்விக்கு இரண்டு பதில்களைக் காட்டி, ‘எது பிடித்திருக்கிறது?’ என்று மனிதர்களிடம் கேட்கிறார்கள். பிடித்த மாதிரியே பேச அதற்குப் பயிற்சி. பதிலுக்குக் கீழே நாம் அழுத்தும் கட்டைவிரல் குறியும் இதற்கு உதவலாம். நமக்கு எது பிடிக்கும்? புகழ்ச்சிதானே! 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடி-யில் வந்த ஒரு மாற்றம் அளவுக்கு மீறி ஜால்ரா போட, சில நாட்களிலேயே ஓப்பன்ஏஐ நிறுவனம் அதை வாபஸ் வாங்கியது.

இதில் உடம்புக்கு என்ன ஆபத்து என்கிறீர்களா? ‘பி.பி. மாத்திரையை நிறுத்திட்டேன், நல்லாத்தான் இருக்கேன்’ என்று நீங்கள் சொல்ல, ‘உங்க உடம்பு உங்களுக்குத் தெரியாதா!’ என்று அது தலையாட்டினால்? பி.பி. ஏறினாலும் பலருக்கு அறிகுறியே தெரியாது. டாக்டர் கருவியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால்...

★ ‘நான் செய்தது சரிதானே?’ என்று கேட்காதீர்கள். ‘இதில் என்ன தப்பு இருக்கலாம்?’ என்று கேளுங்கள்.

★ மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் டாக்டரிடம் மட்டுமே.

★ நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் தட்டிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

★ மனசு தாங்கவில்லை என்றால், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் பேசலாம்.

★ பிள்ளைகள் மணிக்கணக்கில் அதோடு பேசினால் திட்டாதீர்கள். அதனிடம் சொல்வதை உங்களிடம் ஏன் சொல்ல முடியவில்லை என்று யோசியுங்கள்.

தகவலுக்குச் செல்போன் இருக்கட்டும். ஆனால், ‘ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே?’ என்று முகத்தைப் பார்த்துக் கேட்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும். இன்று ராத்திரி சாப்பிடும்போது, அந்தக் கேள்வியை நீங்களே ஒருத்தரிடம் கேட்டுப் பாருங்களேன்!