மிதித்த தூரம் – 9: ஸ்டேஷன் உண்டு, ரயில் இல்லை

போன வாரம் நாஞ்சில்நாடு புத்தனாறு கால்வாய்க் கரையில் பாதி தூரம் மிதித்ததையும் மீதி தூரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்ததையும் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, கொட்டாரத்தில் எனக்குப் பஞ்சர் ஒட்டும் அண்ணாச்சி கேட்டார்: "கால்வாய்க் கரையெல்லாம் சரிதான் மக்கா. வெளிநாட்டுல ரயில் ஓடாமக் கெடக்கிற பாதையில சைக்கிள் விடுகானாமே, நம்ம பக்கம் அப்படி ஒண்ணும் இல்லியா?"

இல்லை. கன்னியாகுமரிக்கு ரயில் வந்ததே 1979-ல்தான். பாதையைக் கைவிட முதலில் பழைய பாதை என்று ஒன்று வேண்டுமே. இருக்கிற பாதையில் ரயில் போதவில்லை என்பதுதான் இன்றைக்கும் நம் குறை.

ஆனால் 1956 வரை நாமும் திருவிதாங்கூர்தானே. அந்தக் கணக்கில் ஒன்று உண்டு, மூணாறில். எங்கள் ஆச்சி தன் வயதை ஒருநாளும் ஆங்கில ஆண்டில் சொன்னதில்லை. "தொண்ணூத்தொம்பது வெள்ளத்தப்போ எனக்கு ஏழு வயசு" என்பாள். கொல்லம் 1099, அதாவது 1924. அந்த வெள்ளம் ஒரு ரயிலையே கொண்டுபோனது என்பது ஆச்சிக்குத் தெரியுமா என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

குண்டளை பள்ளத்தாக்கு ரயில். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை. 1902-ல் போட்டதை ரயில் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம். தரையில் ஒரே ஒரு தண்டவாளம்; பாரத்தில் பெரும்பங்கு அதன்மேல். வண்டி சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண்ரோட்டில் உருண்டு வரும். இழுத்தவை காளைகள். 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு, சின்ன நீராவி எஞ்சின்களை ஓடவிட்டார்கள்.

ஏறியது பெரும்பாலும் தேயிலைப் பெட்டிதான். டாப் ஸ்டேஷனில் இறக்கி, கம்பிவடத்தில் தொங்கவிட்டு, கீழே கொட்டகுடிக்கு அனுப்புவார்கள். அதற்குப் பெயர் பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து போடிக்கு மாட்டுவண்டி, பிறகு அம்மையநாயக்கனூரில் பெரிய ரயில், தூத்துக்குடியில் கப்பல், கடைசியில் லண்டன். இலை பறித்தவர்களில் பெரும்பாலோர் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துச் சனங்கள். அவர்கள் மலையேறியது கால்நடையாக.

1924 ஜூலையில் மழை விடவில்லை. மாட்டுப்பட்டியில் மலை சரிந்து ஆற்றை மறித்தது. தேங்கிய தண்ணீர் அந்த மண்ணணையை உடைத்துக்கொண்டு மூணாறுக்குள் பாய்ந்தது. தண்டவாளம், பாலம், எல்லாம் போயிற்று. மறுபடி யாரும் போடவில்லை. போடிக்கு ரயில் வந்தது 1928-ல். அதற்குள் மலைமேல் ரயில் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போடி போனேன். கிளம்பும்போதே அண்ணாச்சி எச்சரித்தார், பின்சக்கரத்து ட்யூபில் ஏற்கெனவே நாலு ஒட்டு. போடிமெட்டு ஏற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை, முக்கால்வாசி தள்ளினேன்.

மூணாறில் பழைய ஸ்டேஷன் இன்று தேயிலைக் கம்பெனி அலுவலகம். வெள்ளத்துக்குத் தப்பிய தண்டவாளத் துண்டுகளைக் கம்பங்களாக நட்டிருக்கிறார்கள். இரும்பை வீணாக்காத ஊர்.

டாப் ஸ்டேஷனுக்கு 32 கிலோமீட்டர். ரோடு பல இடங்களில் பழைய ரயில் தடத்தை ஒட்டியே போகிறது. எந்தெந்த இடம் என்று சொல்லப் பலகை கிடையாது, ஆனால் முழங்காலுக்குத் தெரிகிறது. ரயிலுக்குச் செங்குத்து ஆகாது; இரும்புச் சக்கரம் இரும்பில் வழுக்கும். ஆகவே அது மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றித்தான் ஏறும். ஒரே கியரில், மூச்சு வாங்காமல், தேயிலைச் சரிவோரமாக ஒரு கிலோமீட்டர் போக முடிந்தால் அது எஞ்சின் போன வழி. சட்டென்று தொடை கடுத்தால் ரோடு போட்டவன் குறுக்கே வெட்டிவிட்டான் என்று அர்த்தம். இது என் ஊகம்தான். ஆனால் அன்று முழுக்க அந்த ஊகத்தோடுதான் மிதித்தேன். நடுவில் மாட்டுப்பட்டி அணை, குண்டளை அணை. குண்டளை அணைக்கு சேதுபார்வதிபுரம் என்று பெயர், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் தாயார் பெயரில்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய்–ஸ்பார்ட்டா பாதையை 1967-லேயே சைக்கிளுக்குத் திறந்துவிட்டார்கள். 51 கிலோமீட்டர், மூன்று சுரங்கம். உள்ளே டார்ச் அடித்து, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஸ்பெயினில் 1993 முதல் இப்படிப் பல பாதைகள். இங்கே எனக்கு முன்னும் பின்னும் ஜீப். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் சத்தத்துக்கு ஓடை வரை ஒதுங்க வேண்டியிருந்தது. அந்த ரயிலையே மறுபடி ஓடவிடலாமா என்று சில வருஷம் முன்னால் கேரளத்தில் பேச்சு எழுந்தது. பொம்மை ரயில் வந்தால் கூட்டம் இன்னும் கூடும். ரோட்டோரம் நாலடி அகலம் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டால் போதாதா?

டாப் ஸ்டேஷனில் நாலைந்து கடை, கேரட், பனிமூட்டம். மூட்டம் விலகினால் கீழே கொட்டகுடிப் பக்கம் தெரியும். இடையில் இருக்கும் குக்கிராமத்துக்குப் பெயர் இன்றைக்கும் சென்ட்ரல். கம்பிவடம் போன பிறகும் பெயர் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் குரங்கணிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதைக்கு வனத்துறை அனுமதி வேண்டும். சைக்கிளோடு நினைத்துப் பார்க்கவே முடியாது.

டீயை வாங்கிக்கொண்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"ஸ்டேஷனுக்கு வந்தாச்சு அண்ணாச்சி."

"ரயிலு உண்டுமா?"

"இல்ல. தொண்ணூத்தொம்பதுல போயிட்டு."

"அப்போ அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்துரு மக்கா. அந்த ட்யூபு இறக்கம் தாங்காது."

(தொடரும்)