சிங்கப்பூரைச் சாப்பிட்டுப் பார்க்கலாம் வாங்க!



ஒரு ஊரைத் தெரிந்துகொள்ள என்ன வழி? வரலாறு படிக்கலாம், வரைபடம் பார்க்கலாம். எங்க மாமா சொல்லும் வழி வேறு. "ஜனங்க எங்க சாப்பிடறாங்க, எங்க கடைக்குப் போறாங்கன்னு பாரு. ஊரு தானா புரிஞ்சிடும்" என்பார். மாமா சிங்கப்பூரில் எட்டு வருஷம் கட்டட வேலை பார்த்தவர். நான் அங்கே போனதில்லை. அவரிடம் கேட்டதையும், நூலகத்தில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

சிங்கப்பூர் ஒரு சின்னத் தீவு. பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போல ஒன்றே முக்கால் மடங்குதான்! மக்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர். நான்கு ஆட்சி மொழிகளில் நம்ம தமிழும் ஒன்று. சாப்பாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. விளைநிலம் இல்லாத அந்த ஊர்தான் சாப்பாட்டுக்குப் பேர் வாங்கியிருக்கிறது!

ஒரே கூரை, நூறு அடுப்பு

அங்கே சாதாரண ஜனங்கள் சாப்பிடும் இடத்துக்கு 'ஹாக்கர் சென்டர்' என்று பெயர். தமிழில் உணவங்காடி நிலையம். பெரிய கூரை, சுற்றிலும் சின்னச் சின்னக் கடைகள், நடுவில் பொது மேசை. சீனர் கடையில் கோழிச் சோறு, மலாய்க்காரர் கடையில் நாசி லெமாக், நம்ம ஆள் கடையில் 'பிராட்டா'. பிராட்டா என்றால் வேறொன்றும் இல்லை, நம்ம பரோட்டாதான், கப்பல் ஏறிப் போனதில் பேர் கொஞ்சம் மாறிவிட்டது!

காப்பி கேட்பதற்கே தனிப் பாஷை உண்டு. 'கோப்பி' என்றால் டின் பால் ஊற்றியது. 'கோப்பி ஓ' என்றால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. 'கோசோங்' என்று சேர்த்தால் சர்க்கரையும் கிடையாது. மலாய் மொழியில் கோசோங் என்றால் 'காலி' என்று பொருள்.

இடம் பிடிப்பதும் வேடிக்கைதான். நாம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோம் இல்லையா? அங்கே மேசை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போவார்கள். அதை யாரும் தொட மாட்டார்கள். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் அது சட்டம்.

லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலை ஓரம் 'தேக்கா' சந்தை இருக்கிறது. பழைய சந்தைக்கு 'கண்டாங் கெர்பாவ்' என்று பேர், அதாவது எருமைக் கொட்டில். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டில்கள் இருந்தனவாம். இப்போதைய கட்டடம் 1982இல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நம்ம ஊர்த் தொழிலாளிகள் எல்லாம் அந்த வட்டாரத்தில்தான். "நாலஞ்சு வெள்ளி இருந்தா வயிறு நிறைஞ்சிடும். அந்த ஒரு நாள் ஊருக்கு வந்த மாதிரி இருக்கும்" என்றார் மாமா. (வெள்ளி என்றால் அங்கே டாலர்.)

மால் என்பது என்ன தந்திரம்?

சிங்கப்பூரில் வருஷம் முழுக்க வெயில், இல்லாவிட்டால் மழை. அதனால் குளுகுளு மால்களே அந்த ஊர்க்காரர்களுக்குத் திண்ணை மாதிரி. ஆர்ச்சர்ட் ரோடு முழுக்க மால்கள். ஆர்ச்சர்ட் என்றால் பழத்தோட்டம். 1800களில் அங்கே ஜாதிக்காய்த் தோட்டங்கள் இருந்தன. சாங்கி விமான நிலையத்தில் 2019இல் திறந்த 'ஜுவல்' மாலுக்குள் 40 மீட்டர் உயர அருவியே விழுகிறது!

மால் கட்டுவதில் ஒரு கணக்கு உண்டு. பெரிய கடைகளை இரண்டு கோடியில் வைப்பார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நடுவில் உள்ள சின்னக் கடைகளைத் தாண்டியே ஆக வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தை அடித்தளத்திலோ உச்சி மாடியிலோ வைப்பார்கள். பசித்தவர் எல்லாக் கடையையும் பார்த்துக்கொண்டே போவார். சிங்கப்பூரில் பல மால்களின் அடித்தளம் நேராக ரயில் நிலையத்தோடு சேர்ந்திருக்கிறது. அதாவது வேலைக்குப் போகிற, வருகிற வழியே கடைக்குள்தான்! அடுத்த முறை சென்னையிலோ புதுச்சேரியிலோ மாலுக்குப் போனால் இதைக் கவனித்துப் பாருங்கள்.

மாமாவுக்குப் பிடித்தது முஸ்தபா சென்டர். 1971இல் சின்னத் துணிக்கடையாக ஆரம்பித்தது. 2003 முதல் கொரோனா வந்த 2020 வரை 24 மணி நேரமும் திறந்திருந்தது. ராத்திரி வேலை முடித்து வருகிற தொழிலாளிக்கு அதுதானே வசதி! ஊருக்கு வரும்போதெல்லாம் கோடாலித் தைலம் அங்கேதான் வாங்குவார். ஆர்ச்சர்ட் ரோடு மால்களில் என்ன வாங்கினீங்க என்று கேட்டேன். "ஏசி காத்து வாங்கினேன்" என்றார்.

தெருவிலிருந்து கூரைக்கு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த உணவங்காடிகள் தானாக முளைக்கவில்லை. 1960களில் சிங்கப்பூரிலும் தெரு ஓரம் தள்ளுவண்டிகள்தான். குழாய்த் தண்ணீர் இல்லை, கழிவு எல்லாம் சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போனது. அரசாங்கம் 1968-69இல் தீவு முழுக்கக் கணக்கெடுத்து, சுமார் 18,000 தெரு வியாபாரிகளுக்குத் தற்காலிக உரிமம் கொடுத்தது. 1971இலிருந்து தண்ணீர், மின்சாரம், வடிகால் எல்லாம் வைத்து நிலையங்களைக் கட்டியது. குறைந்த வாடகையில் கடை கொடுத்தது. 1986க்குள் எல்லோரையும் கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிட்டது. 2020இல் யுனெஸ்கோ இந்தப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் எண்ணினார்கள், பிறகு உரிமம் கொடுத்தார்கள், பிறகு இடம் கட்டினார்கள். அதற்கப்புறம்தான் தெருவை விட்டுப் போகச் சொன்னார்கள்.

இதை நான் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்? எங்க அம்மா ஈ.சி.ஆர். ஓரம் இட்லிக் கடை வைத்திருக்கிறார். காலையில் உப்பளத்துக்குப் போகிறவர்கள்தான் முக்கால்வாசி வாடிக்கை. ரோடு அகலமாகும் வேலை வந்தபோது கடையைப் பின்னால் தள்ளச் சொன்னார்கள். இரண்டு முறை தள்ளியாகிவிட்டது. இனிமேல் தள்ள இடமில்லை, பின்னால் பள்ளம்தான். ரோடு வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை. "எங்க போய் நிக்கறதுன்னு மட்டும் சொல்லட்டும்" என்கிறார்.

அதற்கு நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. தெரு வியாபாரிகள் சட்டம், 2014. அது சொல்வது:

1. ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும்.
2. கணக்கெடுத்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது.
3. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்.
4. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

நம்ம மரக்காணம் பேரூராட்சி. ஆகவே இந்தச் சட்டம் நமக்கும்தான்.

சிங்கப்பூரிலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அங்கே 2020 வாக்கில் உணவங்காடிக் கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு 60 வயதை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகிவிட்டது. பிள்ளைகள் அந்த அடுப்பு முன்னால் நிற்க வருவதில்லை. கூரை கிடைத்தது, ஆனால் வாரிசு கிடைக்கவில்லை. எங்க அம்மாவும் என்னைக் கடைக்கு வராதே, படி என்றுதான் சொல்கிறார். நான் படிப்பேன். ஆனால் என்னைப் படிக்க வைக்கும் கடைக்கு ஒரு கூரை வேண்டும் இல்லையா?

நாம் செய்யக்கூடியது

ஈ.சி.ஆரில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போகிற கார்கள் நம்ம ஊரைத் தாண்டித்தான் போகின்றன. இட்லி, மீன் வறுவல், இறால் தொக்கு, இளநீர், நுங்கு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, குழாய்த் தண்ணீரோடு இருந்தால் எத்தனை பேர் வண்டியை நிறுத்துவார்கள்! அதற்கு மால் வேண்டாம். கூரை, குழாய், வடிகால் இந்த மூன்றும் போதும்.

முதல் படி எண்ணுவது. வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, பஸ் நிறுத்தத்திலிருந்து கடைசி மீன் கடை வரை எத்தனை கடை, என்ன வியாபாரம், எத்தனை வருஷமாக என்று ஒரு நோட்டில் எழுதப் போகிறோம். ஒன்பதாம் வகுப்பில் மூன்று பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். வர விருப்பம் உள்ளவர்கள் இந்தத் தாளுக்குக் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தயவுசெய்து எடுத்துப் போகாதீர்கள்!

இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு மாணவி,
வணிகவியல் பிரிவு